சிவப்பு மை, மூன்று கோடு

மேடம்: கதவைச் சாத்திட்டு வாங்க ரெண்டு பேரும். உட்காருங்க… ஏன், ஆளுக்கு ஒரு சுவரைப் பார்த்து உட்கார்ந்தா நான் யாரைப் பார்த்துப் பேசறது?

அத்தான்: காதுல விழுது மேடம். சொல்லுங்க.

மச்சினன்: அவருக்குக் காது நல்லாவே கேக்கும்னு இப்பதான் தெரியுது மேடம். நாலு மாசமா நான் கூப்பிட்டா மட்டும் கேக்கலை.

அத்தான்: கூப்பிட்டதே இல்லைன்னு சொல்லுங்க மேடம்.

மேடம்: நான் என்ன தபால்காரியா? இந்த ஆவணக் காப்பகத்துல வாட்ச்மேன்ல இருந்து எல்லாரும் உங்களை ‘அத்தான், அத்தான்’னுதான் கூப்பிடறாங்க. அப்படிக் கூப்பிட உரிமை உள்ள ஒரே ஆள் இவர், உங்க சொந்த மச்சினன். இவர் மட்டும் கூப்பிட மாட்டேங்கிறார். ஒரே வீடு… நீங்க கீழ, இவர் மாடி. வீட்லயாவது பேசிக்குவீங்களா?

அத்தான்: பேசுவோம். என் வீட்டுக்காரி மூலமா.

மச்சினன்: எங்க அக்கா மூலமா.

மேடம்: ரெண்டும் ஒரே ஆள்தானே?

அத்தான்: ஆள் ஒண்ணுதான். பதவி வேற மேடம்.

மேடம்: பாவம் அந்தம்மா. நாள் முழுக்கத் தையல் மெஷினை ஓட்டிட்டு, மிச்ச நேரத்துல உங்களையும் ஓட்டணும். சரி, விஷயத்துக்கு வரேன். பன்னிரண்டு மணிக்கு தரக் குழுவுக்குப் பதில் போகணும். நம்ம சிபாரிசு என்ன?

அத்தான்: அச்சுமொழி.

மச்சினன்: வலைமொழி.

மேடம்: நான் மூச்சு விட்டுக்கறேன், இருங்க.

அத்தான்: இதுல யோசிக்க என்ன மேடம் இருக்கு? பழைய கடிதத்தையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்த ஊர் உலகத்துக்கே பொதுவா ஒரு தர விதி எழுதறாங்க. எழுத்தை எப்படி ஏத்தறதுன்னு முடிவாயிடுச்சு. அந்த எழுத்து காகிதத்துல எப்படித் தெரியுதுன்னு சொல்ல ஒரு கம்ப்யூட்டர் மொழி வேணும்… எது சிவப்பு மை, எதுக்கு அடியில கோடு, எது சாய்ஞ்சிருக்கு. அச்சுமொழி புத்தகப் பக்கம் அடுக்கறதுக்குன்னே பொறந்தது. ஒரு நூல் பிசகாது.

மச்சினன்: பிசகாது மேடம். ஒரு அடிக்கோடு போட ஒன்பது வரி எழுதினா எப்படிப் பிசகும்? எழுதி முடிக்கறதுக்குள்ள அந்த மையே காய்ஞ்சிடும்.

அத்தான்: ஒன்பது இல்லை, ஏழு.

மச்சினன்: வலைமொழில ஒரே வரி. இணையப் பக்கம் போடற எல்லாரும் தினமும் எழுதறதுதான். புதுசா யாரும் படிக்கக்கூட வேண்டாம்.

அத்தான்: அது கடை போர்டுக்குச் சாயம் அடிக்கற மொழி. அதைக் கொண்டு வந்து ஆவணத்துல…

மேடம்: போதும். பதினொரு மாசமா இதே பாட்டு, ராகம் கூட மாறலை. அதனாலதானே பரீட்சை வெச்சேன்? ஒரே ஐம்பது கடிதம். ஓய்வு பெற்ற நில அளவையாளர் ஒருத்தர், பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதினது. கோவம் ஏற ஏற மை நிறம் மாறும், கோடு கூடும். உங்களுக்கு அச்சுமொழி, உங்களுக்கு வலைமொழி. தனித்தனியா குறிச்சுக் கொடுங்க, ஒருத்தர் வேலையை ஒருத்தர் பார்க்கக் கூடாதுன்னு சொன்னேன். சொன்னேனா?

மச்சினன்: சொன்னீங்க.

மேடம்: தோத்த மொழிக்காரர் ஒரு வருஷம் கிளை ஆபீசுக்குப் போகணும், அங்க கிடக்கற பழைய கோப்பையெல்லாம் ஜெயிச்ச மொழிக்கு மாத்தணும்னும் சொன்னேன்.

அத்தான்: ரயில்ல பதினொரு மணி நேரம். மறக்குமா?

மேடம்: நேத்து ரெண்டு பேரோடதையும் கம்ப்யூட்டர்ல பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒப்பிட்டேன். எத்தனை வித்தியாசம் இருந்துச்சு தெரியுமா?

மச்சினன்: என் பக்கம் தப்பு இருக்காது மேடம். அந்தப் பக்கம் எவ்வளவோ…

மேடம்: ஒண்ணு கூட இல்லை.

அத்தான்: பார்த்தீங்களா? சுத்தமான வேலை.

மச்சினன்: ரெண்டு மொழியும் சமம்னு எழுதிடுங்க மேடம். யாரும் எங்கயும் போக வேண்டாம்.

மேடம்: இருபத்திரண்டு வருஷமா ஒப்பிட்டுப் பார்க்கறேன். வித்தியாசமே வராத ஜோடியை நான் பார்த்ததே இல்லை. புருஷன் பொண்டாட்டி பண்ணினாலே நூறு வரும். அதனால அசல் கடிதத்தை எடுத்து வெச்சு ஒவ்வொண்ணாப் பார்த்தேன். முப்பத்தேழாவது கடிதம், நாலாவது வரி, ஒரு வார்த்தைக்கு அடியில சிவப்பு மையில மூணு கோடுன்னு ரெண்டு பேரும் குறிச்சிருக்கீங்க.

அத்தான்: இருந்திருக்கும், குறிச்சிருப்போம்.

மேடம்: இல்லை. அங்க ஒரு கோடும் இல்லை. ரெண்டு பேர் தனித்தனியா வேலை செஞ்சா, தப்பு ரெண்டும் ஒரே இடத்துல விழாது. இந்த முறைக்கு உயிரே அதுதான். இல்லாத கோடு, அதே நிறம், அதே மூணு… ரெண்டு பேர் கண்ணுக்கும் எப்படித் தெரிஞ்சுது?

மச்சினன்: இப்பப் புரியுது மேடம். நான் குளிக்கப் போற நேரம் பார்த்து யாரோ மாடிக்கு வந்திருக்காங்க.

அத்தான்: யாரோன்னா? மூட்டு வலிக்காரன் மேடம் நான். எனக்கு மாடிப்படி ஏறவே முடியாது. இவன் ஒரு ஆளுதான் கீழ வந்து, பசிக்குதுங்கற சாக்குல என் மேஜையைச் சுத்தறவன்.

மச்சினன்: அக்கா வீட்ல சாப்பிட சாக்கு எதுக்கு?

அத்தான்: பார்த்தீங்களா, நேராப் பேசறான்.

மச்சினன்: இல்லை, உங்ககிட்டதான் சொன்னேன் மேடம்.

மேடம்: சரி, கள்ளனை நானே பிடிக்கறேன். அத்தான், இந்தாங்க… இதுதான் பன்னிரண்டாவது கடிதம். நடுவுல ஒரு வரி வேற மையில இருக்கு. என்ன நிறம்?

அத்தான்: கண்ணாடி கொண்டு வரலை…

மேடம்: மூக்கு மேலதான் இருக்கு.

அத்தான்: இது… ஒரு மாதிரி… நல்ல அழுத்தமான…

மேடம்: அழுத்தமான?

அத்தான்: மை.

மச்சினன்: மேடம், பச்சை மேடம் அது. எனக்கு இங்க இருந்தே தெரியுது.

அத்தான்: பச்சைன்னுதான் சொல்ல வந்தேன்.

மேடம்: இது சிவப்பா பச்சையான்னு உங்களுக்குத் தெரியலை… அப்படித்தானே?

அத்தான்: …எனக்கு ரெண்டும் ஒண்ணுதான் மேடம். பொறந்ததுல இருந்தே.

மச்சினன்: என்னது?

மேடம்: பதினெட்டு வருஷமா மை நிறம் குறிக்கற வேலை பார்க்கறீங்க.

அத்தான்: சொன்னா வேலை போயிடுமோன்னு பயம் மேடம். கடிதத்தோட படத்தை வீட்டுக்குக் கொண்டு போய், இது என்னன்னு அவகிட்ட கேட்டுக்குவேன். முதல்ல நிறம் மட்டும்தான் கேட்டேன். அப்புறம், அதுக்கு எத்தனை கோடுன்னு கேட்டேன். இந்த ஐம்பது வந்தப்ப எனக்கு வேற தோத்துடுவோமோன்னு கவலை. நீயே குறிச்சுக் கொடுத்துடேன்னு சொல்லிட்டேன்.

மேடம்: ஐம்பதையுமா?

அத்தான்: முதல் கடிதத்துல தேதியை நான்தான் குறிச்சேன்.

மச்சினன்: அடப்பாவமே. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்ச கதையா இருக்கே. அக்காவைப் போட்டு இப்படி வேலை வாங்கியிருக்கார் மேடம். துணி தைக்கவே நேரமில்லாதவளை… வெக்கமா இல்லையான்னு கேளுங்க.

மேடம்: கேக்கறேன். அதுக்கு முன்னாடி உங்களை ஒண்ணு கேக்கறேன். இந்த ஐம்பது கடிதத்துல அந்த நில அளவையாளருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் என்ன சண்டை?

மச்சினன்: சண்டைன்னா… வழக்கமான சண்டைதான் மேடம். நாய் குரைக்கறது…

மேடம்: நாய்?

மச்சினன்: நாய் மாதிரி ஏதோ. பூனையா இருக்கலாம்.

மேடம்: சுவர். மதில் சுவர் மூணு விரல் அளவு தள்ளிக் கட்டிட்டாங்கன்னு சண்டை. ஐம்பது கடிதத்துலயும் அந்தச் சுவர்தான். ஒண்ணையாவது படிச்சீங்களா?

அத்தான்: பதில் சொல்லச் சொல்லுங்க மேடம். இப்ப யாருக்குக் காது கேக்கலை?

மச்சினன்: எனக்கு நேரம் இல்லை மேடம். அந்த ஒரு மாசமும் நான் ஒரு கட்டுரை எழுதிட்டு இருந்தேன். ‘அச்சுமொழி ஏன் ஆகாது?’ நூத்தி நாப்பது பக்கம்.

அத்தான்: நூத்தி நாப்பத்தி ரெண்டு.

மச்சினன்: அது எப்படி உங்களுக்… அது எப்படி அவருக்குத் தெரியும் மேடம்?

அத்தான்: என் வீட்டுக்காரி பக்கத்துக்குப் பக்கம் கத்திரியால வெட்டி, சட்டைக் கை அளவு, கழுத்து அளவுன்னு ஆணியில தொங்க விட்டிருக்கா. காகிதம் நல்ல கெட்டியாம். போற வர்றப்ப அங்கங்க படிச்சேன். மூணாவது அத்தியாயம் ஒரு சின்னப் பாவாடை.

மச்சினன்: அக்கா அதைப் பத்திரமா வெச்சிருக்கேன்னுதானே சொன்னா…

மேடம்: பத்திரமாத்தான் இருக்கு, ஆணியில. நீங்க கட்டுரை எழுதினீங்க. அப்ப வலைமொழில ஐம்பது கடிதத்தையும் குறிச்சது யாரு?

மச்சினன்: ஒரு… தெரிஞ்சவங்க.

மேடம்: எவ்வளவு தெரிஞ்சவங்க?

மச்சினன்: பொறந்ததுல இருந்து.

அத்தான்: டேய்.

மச்சினன்: என்ன டேய்? நீங்க மட்டும்?

அத்தான்: என் பொண்டாட்டியைப் போயா…

மச்சினன்: எங்க அக்கா அவ.

மேடம்: அதான், பதவி வேறயாமே.

அத்தான்: என்கிட்ட என்ன சொன்னா தெரியுமா மேடம்? ‘உங்களுக்காகத்தான் கண்ணைக் கெடுத்துக்கறேன். தம்பிக்குத் தெரிஞ்சா சிரிப்பான், மூச்சு விட்டுடாதீங்க’ன்னா.

மச்சினன்: மாடில வந்து, ‘உனக்காகத்தாண்டா. அத்தானுக்குத் தெரிஞ்சா ரகளை ஆயிடும்’னா.

அத்தான்: ஒரு மாசம் மேடம்… ஒரே வீட்ல…

மேடம்: நீங்க ரெண்டு பேரும் பேசிக்கற வழக்கம் இருந்திருந்தா முதல் நாளே தெரிஞ்சிருக்கும். பேசிக்கலைன்னா அப்படித்தான். காலைல எட்டு மணிக்கே நான் அவங்களுக்கு போன் பண்ணிட்டேன்.

மச்சினன்: அப்ப எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேதான் எங்களை இப்படி வறுத்து எடுத்தீங்களா?

மேடம்: நீங்களா வாயைத் திறக்கறீங்களான்னு பார்த்தேன். அந்த மூணு கோட்டைப் பத்தியும் கேட்டேன். ‘கண்ணு தப்பாப் பார்த்துடுச்சாம்மா?’ன்னு. ‘இல்லை மேடம், தெரிஞ்சேதான் போட்டேன்’னாங்க.

அத்தான்: தெரிஞ்சேவா? அவ ஊசி முனையைக்கூட ரெண்டு தடவை பார்க்கறவளாச்சே… ஏனாம்?

மேடம்: அந்த மனுஷன் முப்பத்தாறு கடிதம் திட்டியிருக்கார். ‘சுவர்’க்கு ரெண்டு கோடு, ‘அயோக்கியத்தனம்’க்கு மூணு கோடு, அதுவும் ஸ்கேல் வெச்சு, சிவப்பு மையில. முப்பத்தேழாவது கடிதம் நாலே வரி. கடைசி வரியில ‘மன்னிக்கணும்’னு ஒரு வார்த்தை. சாதா நீல மை. அடியில ஒண்ணுமே இல்லை. ‘கோவத்துக்கெல்லாம் அத்தனை கோடு போட்டவர் இதுக்கு ஒண்ணுகூடப் போடலையே, மனசு கேக்கலை மேடம். என் வீட்லயும் ரெண்டு பேர் இருக்காங்க. அவங்க வாயிலிருந்து இந்த வார்த்தை வந்தா நான் சுவர் முழுக்கக் கோடு போடுவேன்’னாங்க. தண்ணி வேணுமா யாருக்காவது?

அத்தான்: வேண்டாம் மேடம்.

மேடம்: சரி. தப்பு தப்புதான், அந்தக் கோட்டை எடுத்துட்டேன். ஆனா நான் பரீட்சை வெச்சு ஒரு ஆளைத் தேடினேன் பாருங்க, ரெண்டு மொழியும் தெரியாம, யார் பக்கமும் சாயாம, ரெண்டுலயும் ஒரே வேலையைச் செஞ்சு பார்த்த ஆள்… அப்படி ஒருத்தர் உலகத்துலயே அவங்கதான். அதனால அவங்ககிட்டயே கேட்டேன். எது தேவலாம்னு.

மச்சினன்: என்ன சொன்னா?

அத்தான்: என்ன சொன்னா?

மேடம்: வலைமொழியைக் கத்துக்க ஒரு மத்தியானம் ஆச்சாம். ஐம்பதும் அஞ்சு நாள்ல முடிஞ்சுதாம். அச்சுமொழிக்குப் பத்தொன்பது நாள். ரெண்டு தடவை அழுதாங்களாம்.

அத்தான்: அழுதாளா? எப்போ?

மேடம்: நீங்க டிவி பார்த்துட்டு இருந்தப்ப. ‘அச்சுமொழியைக் குறை சொல்ல மாட்டேன் மேடம், அது நல்ல கத்திரி. புதுத் துணியை வெட்ட வேணும்னா அதுதான். ஆனா இங்க கடிதம் ஏற்கெனவே தைச்ச சட்டை. எப்படி இருக்குன்னு அளந்து சொல்லத்தானே கேக்கறீங்க? அளக்கறதுக்கு நாடா போதும்’னாங்க. பதினொரு மாசம் குழுவுல பேசினோம். இந்த ஒரு வார்த்தையை யாரும் சொல்லலை.

அத்தான்: நாடா போதும்னா சொன்னா?

மேடம்: ஆமா.

அத்தான்: …சரிதான் மேடம். எழுதுங்க. வலைமொழி.

மச்சினன்: இருங்க, இருங்க. நீங்க ஏன் உடனே ஒத்துக்கறீங்க? சண்டை போடுங்க. ஏழு வரிதான்னு சொல்லுங்க.

அத்தான்: ஒன்பதுதாண்டா. எனக்கும் எண்ணத் தெரியும்.

மச்சினன்: அத்தான்…

மேடம்: அப்பாடா. கூப்பிட்டுட்டார்.

மச்சினன்: மன்னிச்சுக்குங்க அத்தான். நான் வேணும்னே உங்களை அனுப்பணும்னு… அந்தக் கட்டுரையில ரெண்டாவது அத்தியாயத்துல ‘கிழட்டு மொழி’ன்னு எழுதினது உங்களை இல்லை.

அத்தான்: நான் அந்த அத்தியாயம் படிக்கலை. அது ஒரு காலர்ல போயிடுச்சு. விடு… நானும்தான் வீம்பு பிடிச்சேன். உன் மேல கோவம் ஒரு வாரம்தாண்டா இருந்துச்சு. அப்புறம் எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியலை.

மச்சினன்: எனக்கும்தான்.

அத்தான்: நீ கவலைப்படாத. எந்த மொழி ஜெயிச்சாலும் போகப் போறது நான்தான். போன வெள்ளிக்கிழமையே மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்துட்டேன். நீ ஒரு வருஷம் தனியா இருந்தா என்ன ஆவே? வெந்நீர் வெச்சாலே அடி பிடிக்கும் உனக்கு.

மச்சினன்: போன வெள்ளிக்கிழமையா?

அத்தான்: ஏன்?

மச்சினன்: நானும் அன்னிக்குத்தான் கொடுத்தேன். ஜெயிச்சாலும் நானே போறேன்னு. நீங்க போனா அக்காவும் உங்ககூடக் கிளம்பணும். அவ தையல் கடை, அவ வாடிக்கைக்காரங்க எல்லாம் இங்க இருக்கு… அவளை எதுக்கு அலைக்கழிக்கணும்னுதான்.

அத்தான்: முட்டாப் பயலே. சொல்லியிருக்கலாம்ல?

மச்சினன்: யார் மூலமா?

மேடம்: ரெண்டு விண்ணப்பமும் நேத்து சாயங்காலம் தபால்ல வந்துச்சு. ஒரே உறையில வந்துச்சு.

அத்தான்: ஒரே உறையிலயா? நான் அவகிட்டதான் எழுதிப் போடச் சொன்னேன்… எனக்கு விண்ணப்பமெல்லாம் எழுத வராதுன்னு.

மச்சினன்: நானும் அவகிட்டதான்.

அத்தான்: போகட்டும் மேடம். என்னோடதை வெச்சுக்குங்க, இவனோடதைக் கிழிச்சுப் போடுங்க.

மச்சினன்: இல்லை மேடம், அவரோடதைக் கிழிங்க. மூட்டு வலிக்காரர். ரயில்ல மேல் படுக்கை கொடுத்துட்டாங்கன்னா என்ன பண்ணுவார்?

மேடம்: நான் எதையும் கிழிக்கலை. ரெண்டையும் ஏத்துக்கிட்டேன். ரெண்டு பேருக்கும் மாற்றல். கிளை ஆபீஸ்ல தங்க ஒரே அறைதான் இருக்கு, ஒரே மின்விசிறி. நடுவுல ஆள் கிடையாது, நீங்களே நேராப் பேசிக்கணும்.

மச்சினன்: ரெண்டு பேருமா? ஒரு வருஷமா?

அத்தான்: அதெப்படி மேடம்? என் வீட்டுக்காரியை ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா? அவ தனியா என்ன பண்ணுவா?

மேடம்: அந்த உறையில மூணாவதா ஒரு விண்ணப்பமும் இருந்துச்சு. ‘மேடம், ஐம்பதாவது கடிதம் வரைக்கும் குறிச்சும், அந்தச் சுவர் என்ன ஆச்சு, பக்கத்து வீட்டுக்காரர் மன்னிச்சாரா இல்லையான்னு தெரியாம எனக்குத் தூக்கம் வரலை. மிச்ச நானூறு கடிதம் உங்க அலமாரியில இருக்காமே, அதை நான் குறிச்சுத் தரேன். உங்க ஆபீஸ்ல இப்ப ரெண்டு நாற்காலி காலியாகும், எனக்கு ஒண்ணு போதும்’னு எழுதியிருந்தாங்க. காலைல அவங்களோட பேசின கையோட நான் கையெழுத்துப் போட்டுட்டேன். உங்க ரெண்டு பேர் பெட்டியையும் காலைலயே கட்டி வாசல்ல வெச்சுட்டாங்களாம்.